பலகாரத்தோடு வந்த கடிதம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இரண்டு கடிதங்கள் வரவேண்டியிருந்தன. ஒன்று வாத்தியார் நியமனம். எங்கள் சாய்ந்தமருதில் கொஞ்சம் படித்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கடிதத்துக்காகத்தான் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றது பந்தடிக் கடிதம். அக்கம்பக்கத்து நாடுகள் நாலைந்து சேர்ந்து ஆடும் ஒரு சின்னக் கால்பந்துக் கிண்ணப் போட்டி கொழும்பில் நடக்க இருந்தது. நேபாளம் வரும், மாலைதீவு வரும் என்றார்கள். அதற்கான தெரிவுப் போட்டியில் வலது ஓரத்தில் இரண்டு நாள் ஓடி, இரண்டு கோலும் அடித்துவிட்டு வந்திருந்தேன். "கடிதம் போடுவோம், சொன்ன நாளில் வந்து சேர வேண்டும்" என்று அனுப்பிவைத்தார்கள். இதென்ன உலகக் கிண்ணமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்தடித்துப் பழகியவன் நான். நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரேயொரு தடவை இறங்கி ஆடினால் போதும் என்றிருந்தது.

இரண்டுக்கும் உம்மாவின் வீட்டு விலாசத்தைத்தான் எழுதியிருந்தேன். அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நான் மாவடிப்பள்ளிக்குப் போனேன். சைக்கிளில் அரைமணி நேரம்கூட இல்லை. ஆனால் புது மாப்பிள்ளை அடிக்கடி தாய்வீட்டுப் பக்கம் போனால் பெண் வீட்டார் முகம் கறுத்துவிடும்.

"கடுதாசி வந்தா உடன அனுப்புங்க உம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

"ஓம் மகன்" என்றார்.

கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. நீளமான மண்ணிற உறை, மேலே அரசாங்க முத்திரை. உம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது, முத்திரை தெரியும். பந்தடிக்கிறவனுக்கு யாராவது முத்திரை குத்தி அனுப்புவார்களா? வாத்தியார் வேலை வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவிலேயே நாலு பேர் இருந்தார்கள். ஒருவரிடமும் கொடுக்கவில்லை. மகன் கையால்தான் பிரிக்க வேண்டுமாம், அதுவும் சம்பந்தி வீட்டார் பார்க்க. அந்த வீட்டுப் படியை வெறுங்கையோடு மிதிக்க முடியுமா? அரிசி ஊறவைத்து, இடித்து, பயறு வறுத்து, எண்ணெய்ச் சட்டி வைத்து, செவ்வாய் போனது, புதன் போனது, வியாழனும் போனது. கடிதம் அலுமாரிக்குள் குர்ஆனுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, மாமனாரோடு சோற்றில் கைவைத்த நேரம், வாசலில் பெண்களின் குரவை கேட்டது. உம்மாவும் சொந்தக்காரப் பெண்கள் ஆறேழு பேரும் ஓலைப்பெட்டிகளோடு நின்றார்கள். பயற்றம்பணியாரம், கொக்கிசு, தொதல். வாப்பா மௌத்தான பிறகு உம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"உங்கட மருமகனுக்கு வேல வந்திரிக்கி" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, உறையை என்னிடம் நீட்டினார்.

மாமா எழுந்தே நின்றுவிட்டார். அவர் வயற்காரர். வாத்தியார் மாப்பிள்ளை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் மகளைத் தந்தவர். நான் கையைக் கழுவிவிட்டு உறையைப் பிரித்தேன். தெரிவாகியிருந்தேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கொழும்பு மைதானத்துக்கு வர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு.

பின்னால் நின்று வாசித்த மனைவி, "நேத்தெல்லே..." என்று தொடங்கினாள். அவள் கையைப் பிடித்து அமுக்கினேன்.

"எந்தப் பள்ளிக்கூடமாம்?" என்றார் மாமா.

"வேல இல்ல மாமா. பந்தடிக்கு எடுத்திரிக்காங்க."

"பந்தடிக்கா?"

அவ்வளவுதான் கேட்டார். திரும்ப உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். என்றைக்குப் போகவேண்டும் என்று ஒரு ஆளாவது கேட்கவில்லை. அந்த வீட்டில் அன்று எல்லோருக்கும் ஒரு கவலைதான், அது என்னுடையது இல்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உம்மா பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். கடிதம் திங்கட்கிழமையே வந்ததாம், பலகாரம் சுடத்தான் பிந்தியதாம். நாலு நாள்! சைக்கிளில் அரைமணி நேரம்! வாய்வரை வந்துவிட்டது. சம்பந்தி வீட்டில் ஏற்கெனவே கூனிப்போய் நின்றவரை அதற்குமேல் என்ன சொல்ல? ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கொழும்பு பஸ் ஏறினேன். மைதானத்தில் பொறுப்பாயிருந்தவர் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். என் இடத்துக்கு வேறொருவன் வந்து, அந்தா பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தான். "உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நேரத்துக்கு வரவே தெரியாது" என்றார் அவர். பலகாரம் சுட்ட கதையை அவரிடம் சொல்ல முடியுமா?

ஊருக்கு வந்ததும் உம்மா கேட்டார், "என்ன மகன், உடன திரும்பிட்ட?"

"ஆடவெச்சுப் பார்த்தாங்க உம்மா. என்ட ஆட்டம் போதாதாம்."

"அவனுகள் கிடக்கானுகள்" என்று தலையைத் தடவிவிட்டார்.

போட்டி நடந்த நாட்களில் மாவடிப்பள்ளித் தேநீர்க்கடை வானொலியில் கேட்டேன். எங்கள் அணி தோற்றது. நான் போயிருந்தால் வென்றிருக்கும் என்று வீம்பு பேசமாட்டேன். தோற்பதற்காவது நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

வாத்தியார் நியமனம் இரண்டு வருடம் கழித்து வந்தது, விலாசத்தை மாற்றிக் கொடுத்திருந்ததால் நேராக மனைவி வீட்டுக்கு. அதற்கு யாரும் குரவை போடவில்லை.

பிறகொரு பெருநாளைக்கு உம்மா வீட்டில் இருந்தேன். என்னோடு ஆடிய கூட்டாளி ஒருவன் வந்திருந்தான். "உங்கட மகனப் போல வலது பக்கம் ஓட இந்தக் கரையில ஆளில்ல உம்மா" என்றான்.

உம்மா பரிவோடுதான் மறுத்தார். "இல்ல மகன், நம்மட ஊருக்கு அது சரி. கொழும்பில ஆடவெச்சுப் பார்த்துட்டு, போதாதெண்டு அனுப்பிட்டாங்க. பாவம், அவன் என்ன செய்யிற?"

கூட்டாளி என்னைப் பார்த்தான். உம்மா பணியாரத் தட்டை என் பக்கம் தள்ளினார். எடுத்துத் தின்றேன்.