காதில் விழுந்ததைத்தான் அடிப்பேன்

கூண்டில் ஆள் ஏறினால் அந்த அம்மாள் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். செருப்பு இருந்தால் தெருவில் பிடித்த ஆள். வெறுங்கால் என்றால் வீட்டிலிருந்து இழுத்து வந்த ஆள். பத்தொன்பது வருஷமாக நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. எல்லோருக்கும் அவர் ‘டைப்பம்மா’. கழுத்து வலிக்குப் பட்டை கட்டியிருப்பார். மேசை இழுப்பறையில் எப்போதும் வேர்க்கடலை. வாதம் நீண்டால் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் மெல்லுவார். “வக்கீலுங்க பேச்சைவிட இதுல கொஞ்சம் சத்து இருக்கு” என்பார்.

அவருடைய ஆத்திரமெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல். ‘குற்றச்சாட்டு வாசித்து விளக்கப்பட்டது, குற்றம் சாட்டப்பட்டவர் புரிந்துகொண்டார்.’ ஆள் வந்து சேருவதற்கு முன்பே நாற்பது தாளில் அது ஏறிவிடும். ஏற்றுவது அவர் விரல்கள்தான். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது மகளிடம் வெடிப்பார்: “இந்தக் கையாலதான்டி தினமும் பொய் சொல்றேன்!”

போன மாதம் ஒரு லாரி கிளீனரைக் கொண்டுவந்தார்கள். வெறுங்கால், கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. ‘இன்று காலை கைது’ என்றது போலீஸ் தாள்.

“புரிஞ்சுதில்ல?” என்றார் நீதிபதி, தலை நிமிராமல். அவன் மிரண்டுபோய்த் தலையாட்டினான்.

டைப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “என்ன கேஸுன்னு சொன்னாங்களாப்பா?”

“இல்லீங்கம்மா. மூணு நாளா ஸ்டேஷன்ல வச்சு அடிச்சாங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லலீங்க.”

கூட வந்த போலீஸ்காரர் செருமினார். நீதிபதிக்கு முகம் சிவந்துவிட்டது.

“நீங்க டைப்பிஸ்ட்டா, ஜட்ஜா? வழக்கமா போடறதப் போடுங்கம்மா.”

“டைப்பிஸ்ட்டுதாங்கய்யா. காதுல விழுந்ததைத்தான் அடிப்பேன். யாரும் வாசிச்சது எனக்குக் கேக்கல.” அவர் திரையைச் சுட்டிக்காட்டினார். “அவன் சொன்ன மூணு நாள் நல்லாவே கேட்டுச்சு. அடிச்சிட்டேன்.”

இதற்கு விளக்கம் கேட்டு மறுவாரமே அவருக்கு மெமோ வந்தது. ஆனால் அன்றைக்கு, அடித்ததை அழிக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நீதிபதி குற்றச்சாட்டுத் தாளை வெடுக்கென்று எடுத்தார். மூச்சு விடாமல் கடகடவென்று முணுமுணுத்தார். கிளீனர் திருதிருவென்று விழித்தான்.

டைப்பம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது உள்ளங்கையை உயர்த்தினார், ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. நீதிபதி முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.