ஆட்சேபணை இல்லை

கிராம சபைக் கூட்டம் எப்போதும் காலை பதினொரு மணிக்குத்தான். அந்த நேரத்தில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஏரிக்குள் இருப்போம் என்பது ஊராட்சிச் செயலருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கையாலும் சேற்றைத் துழாவித்தான் இறால் பிடிக்க வேண்டும். அதனால் பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வோம். வாயைத் திறந்தால் கூடை மிதந்து போய்விடும்.

அன்று வேலையைப் பாதியில் விட்டு, ஈரப் புடவையோடும் கையில் பறியோடும் கூட்டத்துக்கு ஓடினேன். அதற்குள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு வரவேண்டிய குடிநீர்க் குழாயைப் பேருந்து நிறுத்தத்துக்கு மாற்றித் தீர்மானமும் போட்டுவிட்டார்கள்.

“இன்னா சார் இது? எங்கள ஒரு வார்த்த கேக்கலியே?”

“கூட்டத்துல கேட்டோம்மா. யாருமே வாயத் தொறக்கல,” என்றார் செயலர். தீர்மானப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ‘ஆட்சேபணை இல்லை’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

சேறு சொட்டச் சொட்டப் பறியை அந்தப் புத்தகத்தின் மேலேயே வைத்தேன். அதன் கயிற்றை அவர் வாய்க்கு நேராக நீட்டினேன்.

“இத்தக் கவ்விக்கினு சொல்லு சார், ஆட்சேபணை இருக்குதுன்னு.”