ஆளில்லாமல் எடுக்கும் கேமரா

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு கடைக்குக் கேமரா வாங்கப் போயிருந்தேன். வேலை விஷயமாக வெளிநாடு போகிறேன். சில மாதங்கள் அங்கே தனியாக இருக்க வேண்டும். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை, அதற்கு மேல் சுமக்க எனக்குப் பிரியமில்லை. சட்டைப்பையில் போடுகிற மாதிரி சின்னதாக ஒன்று காட்டச் சொன்னேன். கடையிலிருந்த பையன், "போனே போதுமே அக்கா" என்று வியாபாரத்துக்கு விரோதமான ஓர் உண்மையை முதலில் சொல்லிவிட்டு, பிறகு நாலைந்து கேமராக்களை எடுத்துப் பரப்பினான். லென்ஸ், ஜூம் என்று அவன் சொல்லிக்கொண்டே போக, நான் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேஜைமேல் நிமிர்த்தி வைத்து, கையை எடுத்துவிட்டு, நிற்கிறதா என்று பார்த்தேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டான். கேமராவை இப்படித்தான் பார்த்து வாங்க வேண்டும் என்று எனக்கு ஏழு வயதில் மனதில் பதிந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்ததுதான்.

எங்கள் வீடு இரணியல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு வாழைக்குலை வியாபாரம். அம்மா தக்கலையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். நான் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. வீடு கல்யாண வீடு போலாகிவிட்டது. வருகிறவர்களும் போகிறவர்களும் பலகாரமும் பேச்சுமாக இருந்ததில் எனக்கு ஒரே கொண்டாட்டம். போகப்போவது என்னுடைய அம்மா என்பது மட்டும் எனக்குச் சரியாக உறைக்கவில்லை.

புறப்பாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மாமா, அம்மாவின் அண்ணன். பல வருஷம் சவுதியில் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் பக்கத்தில் யார் விமானம் ஏறினாலும் முதலில் அவரிடம் பெட்டியைக் காட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். "பெட்டி கனத்தா மனசும் கனக்கும் ஏட்டி. கொறச்சுக் கொண்டு போறவளாக்கும் அங்க நிம்மதியா இருப்பா" என்பது அவருடைய வேதம். வேதம் ஊருக்குத்தான். மஸ்கட்டில் இருந்த தன் கூட்டாளிக்கென்று ஒரு பெரிய பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸை முதல் ஆளாகப் பெட்டியின் அடியில் வைத்தவரும் அவர்தான்.

அப்பா குலை நிறுக்கிற தொங்கு தராசை வீட்டு முன்வாசல் உத்திரத்தில் மாட்டினார்கள். தினமும் சாயங்காலம் பெட்டி அதில் ஏறும். மாமா கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்ப்பார். ஒரு சேலையோ துண்டோ வெளியே வரும். ஒருநாள் நான் அடம்பிடித்து என்னையும் அதில் தொங்கவிடச் சொன்னேன். பெட்டிக்கு எவ்வளவு எடை விடுவார்களோ, ஏறக்குறைய அவ்வளவுதான் நானும் இருந்தேன். "அப்பம் ஒண்ணு செய்யலாம். பெட்டிய இங்க வச்சிட்டு இவளக் கொண்டு போ" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் துண்டை மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சரிதானே, செய்யலாமே என்று இரண்டு மூன்று நாள் காத்திருந்தேன்.

கேமரா வேண்டும் என்று சொன்னது அம்மாதான். அம்மா தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அப்போதுதான். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டிலிருந்த செல்போனில் பேச மட்டும்தான் முடியும்.

"ஒரு கேமரான்னா ரெண்டு சேலைக்க எடை" என்றார் மாமா.

"பிள்ளைக்கு எனக்க மொகம் மறந்து போகக்கூடாதுல்லா அண்ணே."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு, எடை குறைந்ததாகப் பார்த்து வாங்கலாம் என்று இறங்கி வந்தார்.

மறுநாள் மூவரும் பஸ் ஏறித் தக்கலைக்குப் போனோம். கேமராவும் விற்பார்கள், படமும் பிரிண்ட் போடுவார்கள், அப்படி ஒரு கடை. கடைக்காரர் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். முதலாவது நீட்டுகிற மூக்குள்ள பெரியது. "இத வச்சா இங்க இருந்தே பத்மநாபபுரம் அரண்மனைக்க கூரை ஓடுகள எண்ணலாம்" என்றார். மாமா அதை மரச்சீனிக்கிழங்கைப் போலக் கையில் தூக்கிப் பார்த்து, "நீங்களே எண்ணுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது வெற்றிலை மாதிரி மெல்லிசு, நல்ல சிவப்பு. மாமாவுக்கும் எனக்கும் அதைப் பார்த்ததுமே பிடித்துப்போனது. மூன்றாவது சாம்பல் நிறத்தில் சோப்புக்கட்டி போல இருந்தது. பென்சில் பேட்டரி போடுகிற ஜாதி.

அம்மா ஜூமைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். மெதுவாகக் கையை எடுத்தாள். சிவப்புக் கேமரா மல்லாந்து விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. சாம்பல் கேமரா அசையாமல் நின்றது.

"ஏட்டி, இதென்ன குத்துவெளக்கா, நிக்க வச்சுப் பாக்கதுக்கு?" என்றார் மாமா.

அம்மா கடைக்காரர் பக்கம் குனிந்து, மாமாவின் காதில் விழக்கூடாது என்பதுபோல மெல்லக் கேட்டாள்: "அண்ணாச்சி, இது ஆளில்லாம எடுக்குமா?"

"எடுக்குமே தங்கச்சி" என்று அவர் கேமராவை மேஜைமேல் வைத்து, ஒரு பட்டனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கேமராவின் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கு மினுக்கு என்று கண்ணடித்தது. பிறகு கிளிக். மூவரும் அதன் முதுகிலிருந்த திரையை எட்டிப் பார்த்தோம். படத்தில் சுவரில் தொங்கிய காலண்டரும் ஒரு காலி ஸ்டூலும் இருந்தன. ஆள் இல்லை. "இது போதும்" என்றாள் அம்மா.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இது ஆளில்லாத படம் எடுக்கிற கேமரா. கடல், பூ, கட்டிடம், காலி ஸ்டூல் எல்லாம் எடுக்கும், மனிதர்களை எடுக்காது. முகம் மறந்து போகக்கூடாது என்று வீட்டில் சொன்னவள் கடையில் வந்து இதைப் போய் வாங்குகிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது. சிவப்புக் கேமராவுக்காக அழுகிறேன் என்று நினைத்து மாமா எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். ரோஸ்மில்க் கிடைத்ததால் நானும் காரணத்தைத் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்து கேமராவைப் பெட்டியில் வைத்துத் தராசில் ஏற்றினால் முள் எல்லையைத் தாண்டி நின்றது. எதை எடுப்பது என்று எல்லாரும் யோசிக்க, அம்மா நேரே கையை அடியில் விட்டு மாமாவின் சிப்ஸ் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தாள். மாமா இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்தச் சிப்ஸைத் தின்றுகொண்டுதான் நான் அம்மாவை வழியனுப்பினேன்.

அம்மா போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. அப்பா விடிவதற்கு முன்பே சந்தைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் விட்டால் நான் மாமா வீட்டுக்குப் போக வேண்டும். மாமி நல்லவள், வேளாவேளைக்குச் சோறு போடுவாள், ஆனால் அது அவர்கள் வீடு. அவர்கள் சிரிக்கிற விஷயங்கள் நான் வரும் முன்பே நடந்தவையாக இருக்கும். அப்பா வந்து கூட்டிப்போகும் வரை நான் வாசற்படியில் இருந்து ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அம்மா வேண்டும்போல இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

லீவுக்கு வந்த ஒரு நர்ஸ் அக்காவிடம் அம்மா படங்களைச் சிடியில் கொடுத்தனுப்பினாள். அப்பா தக்கலைக்குப் போய் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தார். பார்த்தால் எல்லாப் படத்திலும் அம்மா! ஒரு பூங்காவில் அம்மா, கடற்கரைச் சுவர்மேல் அம்மா, அறையில் கட்டில்மேல் அம்மா. ஆனால் படங்கள் ஒரு தினுசாக இருந்தன. அம்மாவின் செருப்பு பெரிதாகவும் தலை சிறிதாகவும் இருந்தது. ஒன்றில் தலையே பாதிதான். ஒன்றில் ஓடி வந்து மூச்சு வாங்கி உட்கார்ந்தவள் போல முந்தானை பறந்துகொண்டிருந்தது. எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமா மகன் என்னைவிட மூத்தவன். எதைப் பார்த்தாலும் துப்பு துலக்குவான். "ஏட்டி, இது ஏதோ கொச்சுப் பிள்ளை எடுத்த படமாக்கும். கீழ நின்னு மேல பாத்து எடுத்திருக்கு, பாரு. உன் பொக்கம்தான் இருக்கும் அது" என்று என் தலைக்கு நேராகக் கையை வைத்து உயரம் காட்டினான்.

அம்மாவின் கேமரா ஆளில்லாத படம் எடுப்பது. அப்படியென்றால் இவை வேறு யாரோ எடுத்தவை. என் உயரத்தில் ஒரு பிள்ளை. அம்மா சிரிப்பது என்னைப் பார்த்து அல்ல, அதைப் பார்த்து. அங்கே போய் அம்மா வேறொரு பிள்ளையை வைத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் கேட்கப் பயமாக இருந்தது. அவர் படங்களைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது, நானே சாமர்த்தியமாக விசாரித்தேன்.

"எம்மா, அங்க பிள்ளைக உண்டா?"

"உண்டு மக்கா, நெறைய உண்டு! எனக்குப் பிள்ளைக வார்டுல்லா. ஒவ்வொண்ணும் உன்ன மாதிரியே இருக்கும். நீ சாப்பிட்டியா?"

நான் சாப்பிட்டேன் என்று சொல்லிப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா வாயாலேயே வந்துவிட்டது. இனி சாட்சி எதற்கு?

அதன் பிறகு அந்தப் பிள்ளை என்னோடேயே இருந்தது. நான் சடை பின்னத் தெரியாமல் தலையை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு போகும்போது, அதற்கு அம்மா இரட்டைச் சடை போட்டு விடுவாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாமி கஞ்சி வைத்தாள். அதற்கு அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டிருப்பாள். அதை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் சாயங்காலங்களில் வாசற்படியில் பேச யாரும் இல்லாதபோது, நான் அதனோடுதான் சண்டை போட்டேன். சண்டை போடவாவது ஓர் ஆள் கிடைத்ததே.

அம்மா முதல் லீவுக்கு வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து டாக்ஸி வந்து நின்றது. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். நான் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். அதில் ஒரு பை மட்டும் இருந்தது. அம்மா இறங்கி என்னை வாரி எடுத்துக்கொண்டாள். மெலிந்திருந்தாள். நான் அவள் தோளுக்கு மேலாக டாக்ஸியின் பின் இருக்கையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

அறைக்குள் தனியாகக் கிடைத்தபோது கேட்டேன்.

"அந்தப் பிள்ளைய எங்க?"

"எந்தப் பிள்ளை மக்கா?"

"உன்னப் படம் எடுக்க பிள்ளை."

அம்மாவுக்குப் புரியவில்லை. நான் அலமாரியிலிருந்த படங்களைக் கொண்டுவந்து, செருப்பையும் தலையையும் காட்டி, மாமா மகன் சொன்ன உயரத்தையும் சொன்னேன். அம்மா படங்களை வாங்கிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு பையைத் திறந்து சாம்பல் கேமராவை எடுத்து ஸ்டூல்மேல் நிமிர்த்தி வைத்தாள். ஒரு பட்டனை அழுத்தினாள். சிவப்பு விளக்கு கண்ணடிக்கத் தொடங்கியதும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கிளிக். எட்டிப் பார்த்தால், நானும் அம்மாவும். எங்கள் கால்கள் பெரிதாகவும் தலைகள் சிறிதாகவும்.

"இப்படித்தான் எடுத்தேன். பெஞ்சுமேல, சொவர்மேல வச்சிட்டு ஓடிப்போய் முன்னால இருப்பேன்."

"அப்பம் பிள்ளை?"

"ஒரு பிள்ளையும் இல்ல மக்கா. வார்டுல கெடக்க பிள்ளைக சொகமானா அதுகளுக்க அம்மைகூட வீட்டுக்குப் போயிரும்."

"வேற யாரு உண்டு உனக்கு அங்க?"

"ரூம்ல ஒருத்தி உண்டு. அவளுக்குப் பகல் டூட்டி, எனக்கு நைட் டூட்டி. நான் வரும்போ அவ போயிருப்பா." என் தலையிலிருந்த ரப்பர் பேண்டை மெல்ல அவிழ்த்தாள். "யாரும் இல்ல மக்கா. படம் எடுக்கதுக்கு யாரும் இல்ல."

என் உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல இருந்தது. அந்தப் பிள்ளை இல்லை! இரட்டைச் சடையும் இல்லை, நெற்றியில் கையும் இல்லை. ஒருவருமே இல்லை. என் ஆயுளில் அவ்வளவு நல்ல செய்தியை நான் கேட்டதில்லை. பாதி அவிழ்ந்த தலையோடு அம்மா கையிலிருந்து நழுவி முற்றத்துக்கு ஓடினேன்.

முற்றத்தில் மாமா அப்பாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நடுவில் நாற்காலியில் இருந்து, "அங்க அவளுக்கு என்ன கொறை? ராணி மாதிரியாக்கும் இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் போய் நின்று, கைதட்டி, குதித்துக்கொண்டு கத்தினேன்.

"அம்மைக்கு அங்க யாருமே இல்ல! யாருமே இல்ல!"

மாமா தூக்கிய தேநீர்த் தம்ளர் பாதியில் நின்றது. அப்பா எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். அறை வாசலில் அம்மா என் ரப்பர் பேண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.