வாரியை அளக்காத நாள்

1931 பிப்ரவரி 9, திங்கட்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். கிணற்றடியில் குளியல், கம்மஞ்சோறும் மோரும். ஆறரைக்கு நானும் சங்கிலிக்காரரும் அளவுச் சங்கிலியின் நீளத்தைச் சரிபார்த்தோம். வெயிலேறினால் இரும்பு நீளும் என்பதால் அதைக் காலையிலேயே முடித்துவிடுவேன்.

சேலம் டவுனிலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் வரை சின்ன ரயில் பாதை நீட்ட அளவெடுத்த நாட்கள் அவை. நான் அளவுக் குமாஸ்தா. பாதை போடப்படவே இல்லை. இப்போதும் ராசிபுரம் பஸ்ஸில் நெய் டின்களுக்கு நடுவே உட்கார்ந்து, இங்கே ஸ்டேஷன், இங்கே பாலம் என்று மனதுக்குள் கட்டிக்கொண்டே போகிறேன்.

அன்று ராசிபுரத்துக்கு வடக்கே ஒரு மிளகாய்த் தோட்டத்தில் பாதையைக் குறிக்க முளை அடித்தோம். கிணற்றின் விளிம்பிலிருந்து பாதை பதினெட்டு அடி தள்ளிப் போயிற்று. ‘கிணறு வெளியே. பாதிப்பு இல்லை’ என்று புத்தகத்தில் எழுதினேன். தோட்டக்கார அம்மாள் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

“ஏனுங்க, கெணத்த அளந்தீங்களே, மாடு எங்கீங்க நடக்கும்? ஆகாசத்துலயா?”

கவலை இறைக்கும் மாடுகள், தண்ணீர் மொள்ளும் சாலின் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கும் சரிவான வாரி என் கண் முன்னே கிடந்தது. முளை அதன் நடுவில் நின்றது. நான் கிணற்றின் வாயை மட்டுமே கிணறு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

“ரெயிலு வந்தா அதுல வடத்தக் கட்டி எறைச்சுக்கலாமுங்க ஆத்தா!” என்றார் சங்கிலிக்காரர்.

“அதுவரைக்கும் உன்னப் பூட்டறேன், வா சாமி.”

சிரித்தோம். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “இந்தத் தண்ணி போனா எங்களுக்கு வேற தண்ணி இல்லீங்க” என்றார். மறுபக்கம் வாரி வெட்ட முடியுமா என்று கம்பியால் குத்திப் பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கீழே பாறை.

பாதையின் வரைபடத்தை மறுநாள் மை போட்டு சேலத்துக்கு அனுப்புவதாக இருந்தது. மாலை கூடாரத்தில் இன்ஜினீயரிடம் சொன்னேன்.

“கிணற்றைத் தொடவில்லையே? பிறகென்ன?”

“கிணறு இருக்கும் சார். தண்ணீர் மேலே வராது.”

அவர் படத்தில் பாதையை விரலால் பின்னோக்கித் தடவிப் பார்த்தார். வாரியைத் தவிர்க்கப் பாதையின் வளைவை முன்கூட்டியே தொடங்கினால், அளந்த மூன்று நாள் வேலை வீண். படம் தாமதமாவதற்கு அவர் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“யாருடைய தப்பு என்று எழுதுவது?”

“என்னுடையது சார்.”

“அப்படியானால் நீரே எழுதும். நாளைக்கே திருப்பி அளக்கலாம்.”

‘பாதிப்பு இல்லை’ என்ற வரியை அடித்து, ‘வாரி அளக்கப்படவில்லை, என் பிழை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தப் புத்தகத்தில் நான் அடித்த வரி அது ஒன்றுதான்.

மறுநாள் காலை, சங்கிலியைக்கூட விரிக்காமல், முதலில் அந்தத் தோட்டத்துக்குப் போய் வாரியின் நடுவில் நின்ற முளையை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினேன். குழியை மண் போட்டு மூடிக் காலால் மிதித்தேன். அதற்குள் அந்த அம்மாள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் வாரியை விட்டு விலகி நின்றேன்.