கொப்பரையில் சிவந்த கை

இன்று அன்புவழிபுரத்தில் என் பட்டறையில் ஆறு அச்சு மேசை ஓடுகிறது. படித்த பிள்ளைகள் கொழும்பிலிருந்து வந்து, சாயம் துணியில் எப்படி நிற்கிறது என்று என்னைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிறார்களே என்று எனக்குப் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொல்லத் தெரியாமல்தான் ஒன்பது வயதில் என் சின்னம்மாவின் கலியாணப் பேச்சையே குழப்பினேன்.

அப்போது அம்மாவும் சின்னம்மாவும் வீட்டிலேயே சேலைக்கு அச்சுக் குத்தினார்கள். கடுக்காய் நீரில் ஊறி உலர்ந்த துணியைச் சாக்கு விரித்த மேசையில் இழுத்துக் கட்டி, முதலில் கறுப்புக் கோடுகளைக் குத்த வேண்டும். துறைமுகத்தில் கழித்துப்போட்ட துருப்பிடித்த ஆணிகளைப் பனங்கட்டியோடு பானையில் ஊறப்போட்டு எடுத்த கறுப்பு அது. அச்சுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியும். சிவப்புத்தான் கள்ளம். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கூழைத் தொட்டுக் குத்துவார்கள். காய்ந்துவிட்டால் குத்தின இடமே தெரியாது. பிறகு அலசி, சாயவேர் கொதிக்கும் கொப்பரையில் இறக்கினால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும்பும்.

அந்தச் சாயவேரைக் கொண்டுவருகிறவர் ஓர் இலங்கைத்துறைக்காரர். கடலுக்குப் போகாத நாட்களில் மணலைக் கிண்டி வேர் எடுத்து, சாக்கில் கட்டி வள்ளத்தில் கொண்டுவருவார். நான் வேர் மாமா என்று கூப்பிடுவேன். வலைக்கயிறு இறுக்கி, வலது கை மோதிரவிரல் பாதியோடு போயிருந்தது. சாக்கை இறக்குவார், தேத்தண்ணி குடிப்பார், போவார். அதிகம் கதைக்காத மனிதர்.

அந்த மாதம் சின்னம்மாவைப் பார்க்க மூதூரிலிருந்து ஒரு வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. தாய் தகப்பன் இல்லாத தங்கச்சியை வளர்த்தது அம்மா. மூதூராருக்கு வாக்குக் கொடுத்ததும் அம்மா. சின்னம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. அன்றைக்குக் கட்டவேண்டிய சேலையைச் சின்னம்மாவே குத்தினார், மாங்காய் அச்சு ஒவ்வொன்றாக, தலையை நிமிர்த்தாமல்.

அவர் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து நான் இரண்டு கையையும் கூழில் முக்கி, சேலைத் தலைப்பின் ஓரத்தில் பதித்தேன். தொடாதே என்று தினமும் சொன்னால் பிள்ளை வேறென்ன செய்யும்? கொஞ்ச நேரத்தில் காய்ந்தது. ஒன்றும் தெரியவில்லை. தப்பிவிட்டேன் என்று விளையாடப் போனேன்.

வெள்ளிக்கிழமை கொப்பரை கொதித்தது. சின்னம்மா கம்பால் கிளறக் கிளற மாங்காய்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. துணியை எடுத்து, அம்மா தலைப்பைக் கல்லில் விரித்தார். ஓரத்தில் என் இரண்டு கைகள், பத்து விரலும் சிவப்பாக. அவற்றுக்கு மேலே, மாங்காய்களுக்கு நடுவில், இன்னொரு கை.

அம்மா என் காதைப் பிடித்தார். சின்னம்மா ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"எல்லாம் இவளின்ர கைதான் அக்கா. சின்னப்பிள்ளை, விடுங்கோ."

எனக்காகப் பேசுகிறார் என்று நான் சும்மா இருந்திருக்கலாம். ரோசம் விடவில்லை. செய்ததற்கு அடி வாங்கலாம். செய்யாததற்கு எதற்கு வாங்க வேண்டும்?

"ரெண்டுதான் என்ர. அது என்ர இல்லை" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? சூடு ஆறாத துணியில், அந்தப் பெரிய கையின் மேல் என் கையை வைத்துக் காட்டினேன். என் விரல்கள் அதன் விரல்களில் பாதிக்குத்தான் எட்டின. மோதிரவிரல் மட்டும் சரியாகப் பொருந்தியது.

"பாருங்கோ அம்மா, இது வேர் மாமாவின்ர கை."

அம்மாவின் பிடி என் காதிலிருந்து கழன்றது. சின்னம்மாவைப் பார்த்தார்.

"ஓமோ?"

"ஓம் அக்கா."

அம்மா குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். கண்டுபிடித்த என்னை யாராவது மெச்சுவார்கள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் மெச்சவில்லை. வெகுநேரம் கழித்து அம்மா வெளியே வந்தார்.

"இதைக் கட்டிக்கொண்டு மூதூராருக்கு முன்னால நிக்க ஏலாது. கட்டுறதெண்டால் அந்தக் கைக்காரருக்கு முன்னாலதான் கட்டவேணும். அந்த மனிசன் ஏன் என்னட்டை வாய் திறக்கேல்லை?"

"அவருக்கு உங்களிட்டைப் பயம் அக்கா. அதுதான் கேக்க வாறதும், கேளாமல் வேரைப் போட்டுட்டுப் போறதும்."

மூன்று வருஷத்துக்குப் போதுமான வேர் கொட்டிலில் குவிந்து கிடந்தது. அம்மா அதைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

மறுநாள் அப்பா மூதூருக்குப் போய், பெண் பார்க்க வரவேண்டாம் என்று அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு வந்தார். அங்கே என்ன பேச்சு வாங்கினார் என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. இரண்டு மாதத்தில் சின்னம்மா அந்தச் சேலையோடு இலங்கைத்துறைக்குப் போனார்.

கையை அடையாளம் கண்டது நான்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சொல்லத் தொடங்கினாலே அம்மா என் வாயைப் பொத்துவார். பொறாமை என்று நினைத்தேன். பிறகு, நானே மேசை போட்டு என் முதல் சேலைக்குப் படிகாரம் குத்திய அன்று, கை அப்படியே நின்றுவிட்டது. வேர் மாமா ஒருநாளும் கூழ்ச்சட்டியைத் தொட்டவர் இல்லை. கூழ் இருந்தது சின்னம்மாவின் கையில்; அந்தக் கை முதலில் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். வெறுங்கையைத் துணியில் ஊன்றினால் கொப்பரையில் எதுவும் சிவக்காது.