வாசலிலிருந்து ட்ரிப் அறை வரை

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளுகிறவனுக்கு ஆட்களின் முகம் பழக்கமில்லை, உச்சந்தலைதான் பழக்கம். சீட்டெடுக்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை என்று நின்று கால் கடுத்தவர்களே, உங்களை நான் பின்னாலிருந்து நன்றாக அறிவேன்.

ஒரு திங்கட்கிழமை நரம்பு ஓ.பி.யில் இருந்தவர்கள்: டாக்டரம்மா ஒருவர், சிஸ்டர் இரண்டு பேர், சீட்டு எழுதும் கிளார்க் ஒருவர், நோயாளிகள் நாற்பத்தொன்று, கூட வந்தவர்கள் முப்பத்தாறு, நான். மொத்தம் எண்பத்திரண்டு. நாற்காலி மூன்று.

கால் ஒடியாதவர்

மூன்றே நாற்காலி என்பதால் நானாக ஒரு சட்டம் வைத்திருந்தேன். மாவுக்கட்டு போட்டவர், எழுபது தாண்டியவர், மூச்சு வாங்குகிறவர். மற்றவர்கள் நடக்க வேண்டும். யாரும் சொல்லித் தந்த சட்டமல்ல. எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும்.

அன்று ஷைனி வந்து நாற்காலி கேட்டார். முப்பத்திநாலு வயது, கேரள எல்லையில் இருக்கிற பூவாரில் படகுச் சவாரிக்கு டிக்கெட் கொடுக்கிறவர். இஸ்திரி போட்ட சுடிதார், நேரான நடை. "பாத்தா நல்லாத்தானே இருக்கிய மக்களே?" என்றேன். கணவர் வில்சனின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். ரத்தம் எடுக்கும் வராந்தாவுக்குத் தகரக் கூரை. அந்தச் சூட்டில் அரை மணி நேரம் நின்றதும் கால் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நாற்காலியை உருட்டிக்கொண்டு ஓடினேன். என்னை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னார்: "கால ஒடிச்சாத்தான் நாற்காலி உண்டுண்ணா சொல்லுங்க மாமா, அடுத்த மாசம் ஒடிச்சிட்டு வாறேன்."

ஒயரும் உறையும்

ஏழாம் கிளாஸோடு நின்றவனுக்குப் புரியும்படி பிந்து சிஸ்டர் ஷைனியின் நோயை விளக்கினார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். ஒயருக்கு மேல் உறை இருப்பது போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. உடம்பே அந்த உறையை அரிக்கிறது. கை கால் மரக்கும், கண் மங்கும், களைப்பு வந்தால் நிற்க முடியாது, சூடு பட்டால் எல்லாம் கூடும். ஷைனிக்கு இடது கண் பாதி போய்விட்டது. மாதம் ஒரு தடவை ட்ரிப்பில் மருந்து தவறாமல் ஏறினால் மற்றக் கண்ணைக் காப்பாற்ற வழி உண்டு என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

என் சட்டத்தைப் பற்றிச் சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "வெளிய காணாததுண்ணா, இல்லாததுண்ணு ஆவுமா அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

சாவி

இந்த நோயில் சிறுநீர் அவசரமாக வரும், அடக்க முடியாது. எங்கள் ஓ.பி. கக்கூஸுக்கோ பூட்டு. வெளியாட்கள் அசுத்தம் செய்கிறார்கள் என்று போட்டது. சாவி முன்வாசலில் கிளார்க்கிடம் இருக்கும், நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். கை மரத்துப்போன ஷைனி பேனாவைப் பிடிக்க முடியாமல் நின்றார். கையெழுத்தில்லாமல் கிளார்க் சாவி தரவில்லை. பின்னால் நின்ற பூவார் மீன்காரர் ஒருவர் வரிசையை விட்டு முன்னால் வந்து சாவியை எடுத்து ஷைனியிடம் கொடுத்துவிட்டு, கிளார்க்கைப் பார்த்தார். "எலே, உள்ள தங்கமா வச்சிருக்கிய? கக்கூஸாக்கும்!"

இனி இல்லை

நான்காவது மாதம் ட்ரிப் முடிந்து ஆட்டோவில் ஏற்றும்போது ஷைனி, இனி வரப்போவதில்லை என்றார். இங்கே ஒரு நாள் அலைந்தால் வீட்டில் மூன்று நாள் படுக்கை. வில்சன் கெஞ்சினார். அவர்கள் போன பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஷைனி போகிற வழியெல்லாம் நடந்து எண்ணினேன். வாசல், சீட்டு, மாடியில் டாக்டர், பின்கட்டில் ரத்தம், ரிசல்ட்டோடு மறுபடி மாடி, மருந்துக்கடை, ட்ரிப் அறை: அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. தாளில் எழுதி, பிந்து சிஸ்டரின் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு ஆறடி உயரமுள்ள என்னை மேலிருந்து கீழே பார்த்து மலையாளத்தில் கேட்டார்: "இது சேட்டன்டெ அடியோ, ஷைனியுடெ அடியோ?"

வாய்ப்பாடு

ஒரு கணக்கில் நான் இவ்வளவு பெரிய தப்புச் செய்ததில்லை. வில்சனுக்கு போன் செய்து, ஷைனியிடம் கொடுக்கச் சொன்னேன். "ஒரே ஒரு தடவ வரணும் மக்களே, எனக்க கணக்கு தப்பிப்போச்சு" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

காலை ஏழரைக்கு, வெயில் ஏறும் முன் வந்தார். வாசலிலிருந்து சீட்டெழுதும் இடம் வரை மட்டும் நடக்கச் சொன்னேன், நாற்காலியோடு பின்னால் போனேன். எனக்கு எண்பத்திநாலு, அவருக்கு நூற்று நாற்பது. முழு வழியையும் அந்த வாய்ப்பாட்டில் போட்டால் ஆயிரத்து இருபது வந்தது. வந்ததோடு அன்றே ட்ரிப்பும் ஏறியது. ஊசி குத்தும்போது சொன்னார்: "மாமா, என்ன வரவைக்கவா கணக்க தப்பா போட்டிய?"

இப்போது

டாக்டரம்மா அந்தத் தாளோடு மேலிடத்துக்கு மூன்று தரம் போனார். இப்போது எம்.எஸ். உள்ளவர்களுக்கு முந்தின நாளே வீட்டுப் பக்கத்தில் ரத்தம் எடுத்து ரிசல்ட் போனில் வந்துவிடுகிறது. சீட்டு வாங்க வேண்டாம், மாடி ஏற வேண்டாம். ஏழரைக்கு வந்தால் நேரே ட்ரிப் அறை. மருந்து அங்கேயே காத்திருக்கும், டாக்டரம்மாவே இறங்கி வருவார். கக்கூஸ் பூட்டைக் கழற்றியது அந்தக் கிளார்க்கேதான். நாற்காலி கேட்கிறவரிடம் நான் காரணம் கேட்பதில்லை. டாக்டரம்மா, சிஸ்டர், கிளார்க் எல்லாருக்கும் நேரில் நன்றி சொல்ல எனக்குக் கூச்சம், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷைனி ஒரு மாதமும் தவறவில்லை. வலது கண் அப்படியே இருக்கிறது. போன மாதம் ட்ரிப் முடிந்ததும் நாற்காலி வேண்டாமென்று சொல்லி, சுவரைப் பிடித்தபடி எழுந்தார். "பதினொண்ணு மணி படகுக்கு டிக்கெட் குடுக்கணும் மாமா, வழி விடுங்க."

அதையும் குறைத்தால் எனக்கு வேலையிருக்காது என்பதால் நான் யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் வைத்திருக்கிற, வாசலிலிருந்து ட்ரிப் அறை வரையான மிச்ச தூரம், ஷைனியின் காலடியில் சரியாக நூற்றுத் தொண்ணூறு.