இது வைரவர் இல்லை

இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு மேல் போட்ட பலகையில் நின்றபடி சங்கிலி வாளை நிறுத்திவிட்டு, நாகேஸ்வரி வாயிலிருந்து மரத்தூளைத் துப்புகிறார். முகத்தில் கட்டியிருந்த கைலேஞ்சி எப்போதோ கழுத்துக்கு இறங்கிவிட்டது. அதை மேலே இழுத்துவிட்டு, மரத்தில் பாதி பிளந்திருக்கும் வாயின் மேல் உதட்டை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். திருப்தியில்லை.

"இன்னும் கோவம் காணாது," என்கிறார் மரத்தைப் பார்த்து. பிறகு கயிற்றை இழுக்கிறார். மூன்றாவது இழுப்பில் வாள் அலறத் தொடங்குகிறது. மெல்பேணின் மல்கிரேவில் அந்தத் தெரு முழுவதற்கும் சனிக்கிழமை காலை ஒன்பது மணி ஆகிவிட்டது தெரிந்துவிடுகிறது.

கடிகாரம் பார்த்துத்தான் தொடங்குவார். முதல் வருடம் பக்கத்து வீட்டு கென் சத்தம் தாங்கவில்லை என்று கவுன்சிலுக்கு எழுதிவிட்டார். கோப்பும் கையுமாக ஒருவர் வந்து, எந்தெந்த நேரம் இயந்திரம் ஓட்டலாம் என்று சட்டத்தை வாசித்துக் காட்டினார். நாகேஸ்வரி அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வாங்கி, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் பிரதி செய்து, வாசல் படலையில் கட்டிவிட்டார். இப்போது கென் தன் புல்வெட்டும் இயந்திரத்தையும் அதே ஒன்பது மணிக்கு இழுத்துக்கொண்டு வருகிறார். யாருடைய சத்தம் பெரிது என்று வேலிக்கு இரு பக்கமும் ஒரு போட்டி நடக்கிறது. நாகேஸ்வரி தோற்றதில்லை.

நாற்பத்தாறு வயது. ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. கணவரின் பழைய காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, இடுப்பில் கயிற்றால் இறுக்கியிருக்கிறார். காலில் ஆண்கள் போடும் பெரிய சப்பாத்து. பெருவிரல் பக்கம் பழைய காலுறை அடைத்தது. வாள் ஆறுமாதப் பிள்ளையின் பாரம் இருக்கும். பத்திரிகை விளம்பரம் பார்த்து, டண்டினோங் பக்கம் பண்ணையை விற்றுவிட்டுப் போகிற ஒருவரிடம் வாங்கியது. அந்த மனிதர் வாளைக் கையில் கொடுக்காமல், "உங்கள் கணவர் எங்கே?" என்று கேட்டாராம். "அவருக்குப் பயம்," என்று சொல்லிவிட்டு நாகேஸ்வரி வாளைத் தானே தூக்கிக் காருக்குள் வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மாலை வாளுக்குப் பல் தீட்டும் நேரம். சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, சங்கிலியைப் போட்டு, ஈர்க்குப் பருமனான உருளை அரத்தால் பல்லுக்கு மூன்று இழுவை. எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருப்பதால் எதில் தொடங்கினோம் என்பது மறந்துபோகும். அதற்காக முதல் பல்லுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். சுற்றிவந்து பொட்டைக் கண்டால் வேலை முடிந்தது. "தேங்காய் துருவுறதை விட லேசு," என்பார். "தேங்காய்க்குப் பிறகு சமைக்கவும் வேணுமெல்லே."

யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினான்கு வருடம் கணிதம் படிப்பித்தவர். இங்கே வந்ததும் அவருடைய சான்றிதழைப் பார்த்த அதிகாரி, இன்னும் இரண்டு வருடம் படித்தால் யோசிக்கலாம் என்றார். கிளேற்றனில் றேடியோப் பெட்டி பொருத்தும் தொழிற்சாலையில் வயர் ஒட்டப் போனார். அங்கே எழுபத்து மூன்றாம் ஆண்டு டிசம்பரில் நத்தார் விருந்துக்கு எல்லோரையும் நகரத்து உணவுச்சாலை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு மர உருவம். உருண்டைக் கண், கட்டைக் கால், வாய் நிறையப் பல். பசிபிக் தீவுப் பக்கத்துச் சிலை, பெயர் டீக்கி என்றார்கள். மற்றவர்கள் அதே முகம் வைத்த குவளைகளில் குடித்துக்கொண்டிருக்க, நாகேஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சாமியோ பேயோ எண்டு எனக்கு விளங்கேல்லை," என்று அந்த நாளைப் பற்றிச் சொல்வார். "ஆனா அது ஒருத்தரைப் பாத்தும் வெக்கப்படேல்லை. வாயை ஆவெண்டு திறந்துகொண்டு நிண்டுது."

அதைப் பார்த்துத் தானும் மரத்தில் முதலாவது டீக்கியைச் செய்து, அதன் படத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஹூயா நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரிப் பெண். எல்லோரும் சிரித்தார்கள், ஹூயா சிரிக்கவில்லை. "எங்கள் ஊரில் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, குடும்பம் உண்டு. இது யார்?" என்று கேட்டாள். நாகேஸ்வரி படத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அந்த வார இறுதியில் அந்த டீக்கியைத் தானே பிளந்து அடுப்புக்குப் போட்டார்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பெயருள்ளவை. வீட்டுப் பின்பக்கம் வேலியோரமாக ஏழு பேர் நிற்கிறார்கள். உதட்டுக்குக் கீழே நாடி நீண்டவர் தொழிற்சாலை மேற்பார்வையாளர். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு காகிதம் வாசிப்பவர்போல் குனிந்து நிற்பவர் சான்றிதழ் பார்த்த அதிகாரி. "இவர் இப்ப மழையில நனையிறார்," என்று அவருடைய தலையைத் தட்டிக் காட்டுவார். ஹூயா ஒருநாள் வந்து ஏழு பேரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மேற்பார்வையாளரின் நாடியைத் தொட்டதும் புல்லில் உட்கார்ந்து சிரித்தாள்.

கணவர் மகேந்திரராஜா நீர்விநியோகப் பகுதியில் பொறியியலாளர். சனிக்கிழமைகளில் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு பின் அறைக் கதிரையில் பத்திரிகை வாசிப்பார். நல்ல மனிதர். ஒருவரோடும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. புதிதாக வருகிற தமிழ்க் குடும்பங்கள் யன்னலால் பின்பக்கத்தைப் பார்த்துத் திகைத்தால், "அதுகள் வீடு வாங்கேக்க இருந்ததுகள்," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்.

இவ்வளவு நாளும் எல்லாம் பின்பக்கத்தில் இருந்ததால் அந்தப் பொய் ஓடியது. போன வருடம் யூலை மாதப் புயலில் முன்முற்றத்து சைப்பிரஸ் மரம் முறிந்தது. அடியோடு தறிக்க வந்தவர்களிடம் நாகேஸ்வரி தன் தலைக்கு மேல் ஒரு நீளத் தடியை உயர்த்திக் காட்டி, "இவ்வளவும் விடுங்கோ," என்றார். ஒன்பதடி முண்டம், வேரோடு, தெருவைப் பார்த்தபடி நின்றது. மாதக்கணக்காக அதில் வாள் வைத்து, இந்த வருடம் கார்த்திகை பிறக்கும்போது நெற்றி, கண், மூக்கு, வாய், ஒரு கை வரை வந்திருந்தது. மற்றக் கை இன்னும் மரத்துக்குள் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கூட்டு வழிபாட்டு முறை இவர்கள் வீட்டுக்கு வந்தது. மெல்பேணில் அப்போது கோயில் இல்லை. இருபது குடும்பங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு ஒவ்வொருவர் வீடாகக் கூடித் தேவாரம் பாடி, கடலையும் மோதகமும் சாப்பிட்டுப் போவார்கள். அந்த ஞாயிறுக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் காரியதரிசி கணேசலிங்கம் வீடு பார்க்க வந்தார். கணக்காளர், முப்பத்தைந்து வயது, எதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிற ஆள்.

"அக்கா, சனம் வரேக்க இது வாசல்ல நிண்டால் எப்பிடி? ஒரு பெட்சீற்றால மூடிவிடுவமே?"

"ஒன்பதடி, கணேஸ். உங்கட வீட்டில அப்பிடிக் கட்டில் இருக்கோ?"

கணேசலிங்கம் சிரித்துக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று வந்தவர் நின்று, இன்னொரு சுற்று வந்தார். உருண்டைக் கண்ணையும் பல்லையும் அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணை, இஞ்ச வாங்கோ. இது எங்கட வைரவரெல்லோ! மரத்தடி, பல்லு, முழி, எல்லாம் சரி. கையில ஒரு சூலம் மட்டும் குடுத்தால் காணும். ஒருத்தரும் ஒரு கதை கதைக்கமாட்டினம்."

மகேந்திரராஜாவின் முகத்தில் பல வருடங்களாகக் காணாத ஒரு நிம்மதி தெரிந்தது. "ஓமப்பா நாகேஸ், அதுவும் நல்லதுதானே," என்றார்.

"இது வைரவர் இல்லை," என்றார் நாகேஸ்வரி.

"ஆர் கேக்கப் போகினம்?"

"நான் கேப்பன்."

பேச்சு அதோடு நின்றது. குறைந்தபட்சம் நாகேஸ்வரி அப்படித்தான் நினைத்தார்.

வழிபாட்டு நாள் விடியத் தொடங்கிய வேலை பதினொரு மணி வரை அவரைக் குசினியைவிட்டு வெளியே விடவில்லை. அறுபது பேருக்கு மோதகம் அவித்து, கடலை தாளித்து, குளித்து, கல்யாணத்துக்குக் கட்டிய காஞ்சிபுரத்தை உடுத்திக்கொண்டிருந்தபோது வெளியே தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. சாமி அறை உள்ளே இருக்க, யார் முற்றத்தில் தேங்காய் உடைக்கிறார்கள்? வாசலுக்கு வந்தார்.

சப்பாத்துகளும் செருப்புகளும் படலையோரம் வரிசையாகக் கழற்றியிருந்தன. சனம் மரத்தைச் சுற்றிக் கைகூப்பி நின்றது. கணேசலிங்கம் கால் கழுவிவிட்டு, பலகையில் ஏறி, அகன்ற மர நெற்றியில் மூன்று விரல் திருநீறு பூசி, நடுவில் சந்தனமும் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். மரத்தின் இடுப்பில் சிவப்புச் சீலை. செதுக்கிய ஒரு கையில் தகரத்தில் வெட்டிய சூலம். தட்டில் கற்பூரம் எரிந்தது. கணேசலிங்கத்தின் மனைவி விமலாதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என்ன சாந்நித்தியம் அக்கா! மேல் எல்லாம் சிலிர்க்குது," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது.

நாகேஸ்வரி கணவரைத் தேடினார். மகேந்திரராஜா கூட்டத்தின் கடைசியில் நின்றார்.

"இஞ்சாருங்கோ. நீங்களே ஓமெண்டு சொன்னனியள்?"

மகேந்திரராஜா தன் வெறுங்காலைப் பார்த்தார். "எல்லாருக்கும் நல்லது எண்டுதான் நாகேஸ்... மரமும் நிக்கும், சனமும் வரும்."

"அக்கா," கணேசலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாருங்கோ. இந்த நாட்டில முதல் வைரவர் உங்கட முற்றத்தில. எவ்வளவு பெருமை. ஒரு காரியம்தான், இனி இதில வாள் மட்டும் வைக்கக்கூடாது. இருந்தபடி இருக்கட்டும்."

"மற்றக் கை?"

"என்ன?"

"மற்றக் கை இன்னும் உள்ளுக்க கிடக்கு. அதை ஆர் எடுக்கிறது?"

கணேசலிங்கத்துக்கு விளங்கவில்லை. "சாமிக்கு ஒரு கை காணும் அக்கா," என்றார். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"சாமியெண்டால் நான் சப்பாத்தோட ஏறேலாது. மாசத்தில அஞ்சு நாள் கிட்டப் போகேலாது. தொடுறதுக்கு முதல் உங்களைக் கேக்க வேணும். ஒரு வருசமா நான் வெட்டின மரத்தை அரை மணித்தியாலத்தில எடுத்துப்போட்டியள், கணேஸ். வேரோட நிண்டபடியாத் தப்பிச்சுது, இல்லாட்டிக் காரில ஏத்திக்கொண்டு போயிருப்பியள்."

"ஐயோ, நாங்கள் ஒண்டும் எடுக்கேல்லை அக்கா. மரியாதையெல்லோ குடுக்கிறம்."

"சனம் பேய் எண்டு சொல்லேக்கயும் அது என்ர மரம்தான். அந்தப் பேரே இருக்கட்டும்."

வேலிக்கு அப்பால் கென் தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என்ன நடக்கிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். நாகேஸ்வரி கராஜுக்குள் போனார். திரும்பி வந்தபோது காஞ்சிபுரத்துக்குக் கீழே அந்தப் பெரிய சப்பாத்துகள் தெரிந்தன. விமலாதேவி, "அக்கா, வேண்டாம் அக்கா," என்று கையைப் பிடித்தாள். நாகேஸ்வரி கோபிக்கவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, சிவப்புச் சீலையை அவிழ்த்து, உதறி, நாலாக மடித்து அவளிடமே கொடுத்தார். "நல்ல சீலை. ஊத்தையாக்காமக் கொண்டுபோய் வையுங்கோ." சூலத்தைக் கழற்றிக் கணேசலிங்கத்திடம் கொடுத்தார். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ளுக்குச் சாமியறையில விளக்குக் கொளுத்திக் கிடக்கு," என்றார் நாகேஸ்வரி எல்லோருக்கும் கேட்கும்படி. "தேவாரம் தொடங்குங்கோ. மோதகம் ஆறப்போகுது. நான் வாறன்."

சனம் அசையவில்லை. அவர் சேலைத் தலைப்பைத் தோட்டத்துக் குழாயில் நனைத்துப் பிழிந்தார். சப்பாத்தோடு பீப்பாயில் ஏறிப் பலகைக்கு வந்தார். ஈரப் பட்டால் மர நெற்றியை இடமிருந்து வலமாக அழுத்தித் துடைத்தார். சந்தனம் போனது, பிறகு திருநீறு போனது, வாள் போட்ட வரிகள் மட்டும் ஈரமாக மினுங்கின. தலைப்பில் ஒட்டியிருந்த திருநீற்றை ஒரு கணம் பார்த்தார். மூன்று விரலால் அதை வழித்தெடுத்து, கண்ணை மூடி, தன் நெற்றியில் பூசிக்கொண்டார்.